சிவப்பு மூக்கும் டோக்கியோ விரல்களும்

ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனால் அப்படி என்ன பெரிய நஷ்டம் வந்துவிடும் என்கிறீர்களா? 800 வருடம் காணாமல் போகும்!

அமெரிக்காவில் 1964-ல், கிறிஸ்துமஸுக்காக ஒரு டி.வி. படம் எடுத்தார்கள். பெயர், ‘ருடால்ஃப் தி ரெட்-நோஸ்டு ரெயின்டீர்’. டைட்டிலில் வருடத்தை ரோமன் எழுத்துகளில் போட்டபோது, நடுவில் வரவேண்டிய ஒரு ‘எம்’மைக் கோட்டை விட்டுவிட்டார்கள். விளைவு..? அந்த டைட்டிலின்படி படம் தயாரான ஆண்டு 1164! கொலம்பஸ் பிறப்பதற்கே இன்னும் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பாக்கி!

தப்பு அதோடு நிற்கவில்லை. கதாநாயகன் ருடால்ஃபுக்குக் குரல் கொடுத்தவர், பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண்மணி. ‘மே’யை வெட்டி, ஸ்பெல்லிங்கையும் மாற்றி, அவரை ஓர் ஆண்பிள்ளையாகவே ஆக்கிவிட்டது டைட்டில். அதே டைட்டிலில் ‘டாட் மோச்சினாகா’ என்று சுருக்கமாக இன்னொரு பெயரும் ஓடி மறைகிறது. யார் இந்த ஆசாமி?

அதற்கு முன்னால், ருடால்ஃப் யார் என்று பார்த்துவிடலாம். ரெயின்டீர் என்பது துருவப் பிரதேசத்து மான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பனிச்சறுக்கு வண்டியை இழுப்பவை இந்த மான்கள்தான் என்பது அமெரிக்கக் குழந்தைகளின் நம்பிக்கை. ருடால்ஃபுக்கு மட்டும் மூக்கு சிவப்பு பல்பு மாதிரி எரியும். மற்ற மான்கள் கேலி செய்து ஒதுக்குகின்றன. கடைசியில் பயங்கரப் பனிப்புயல். தாத்தாவுக்கு வழி தெரியவில்லை. அப்போது வழி காட்டுவது அதே சிவப்பு மூக்கு!

இது ஏதோ பழங்காலத்து நாட்டுப்புறக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1939-ல், ‘மான்ட்கோமரி வார்டு’ என்ற சிகாகோ வியாபார நிறுவனம், கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் கேட்டது. எழுதியவர், அங்கே விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மே. அவர் மனைவி புற்றுநோயில் படுத்திருந்தார். கதை முடிவதற்குள் அந்தப் பெண்மணி இறந்தேபோனார். அந்தத் துக்கத்தோடுதான் மனிதர் எழுதி முடித்தார். முதல் வருடமே சுமார் 24 லட்சம் பிரதிகள் விநியோகமாயின. பிறகு, ராபர்ட் மேயின் தங்கையை மணந்த ஜானி மார்க்ஸ் இதைப் பாட்டாக்க, 1949-ல் அது நாடெங்கும் ஒலித்தது. அதைத்தான் நியூயார்க்கில் இருந்த வீடியோகிராஃப்ட் என்ற கம்பெனி படமாக்கியது. பின்னாளில் ‘ராங்கின்/பாஸ்’ என்று பேர் வாங்கிய அதே கம்பெனி.

குரல் பதிவு கனடாவில் நடந்தது. ஆனால் படம் பிடித்தது டோக்கியோவில்! மரம், கம்பி, துணியால் ஆன பொம்மைகள். ருடால்ஃப் சுமார் ஆறு அங்குலம், தாத்தா பதினோரு அங்குலம். பொம்மையின் காலை ஒரு துளி நகர்த்த வேண்டும், ஒரு ஃப்ரேம் எடுக்க வேண்டும். மறுபடி ஒரு துளி, மறுபடி ஒரு ஃப்ரேம்... யோசித்துப் பாருங்கள், ஒரு மான் நாலு அடி நடப்பதற்குள் மனிதருக்கு முதுகு ஒடிந்துவிடும்! அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்தான் நம் ‘டாட்’. முழுப் பெயர், டாடாஹிடோ மோச்சினாகா.

1919-ல் பிறந்தவர். இளம் வயதில் கார்ட்டூன் படத் துறைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் 1943-ல் ‘மொமோடாரோவின் கடற்கழுகுகள்’ என்றொரு கார்ட்டூன் வெளியானது. விஷயம் என்ன தெரியுமோ? பேர்ல் ஹார்பர் தாக்குதலைக் கொண்டாடுவது! அமெரிக்கக் கப்பல்களை விமானத்தில் போய்க் குண்டு போட்டு அழிப்பதைக் குழந்தைகளுக்கு வேடிக்கையாகக் காட்டிய அந்தப் படத்தில், மோச்சினாகாவின் உழைப்பும் உண்டு.

1945-ல் விமானத் தாக்குதலில் டோக்கியோ எரிந்தது. அவர் வீடும் போனது. ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவுக்குப் போனார். போன இரண்டே மாதத்தில் ஜப்பான் சரணடைந்தது! அந்நிய மண்... தோற்றுப்போன நாட்டின் பிரஜை. தெரிந்த தொழில் ஒன்றுதான். அங்கிருந்த திரைப்பட ஸ்டூடியோ சீனக் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போக, அவர்களுக்காக வேலை பார்த்தார். ‘ஃபாங் மிங்’ என்று சீனப் பெயர்கூட வைத்துக்கொண்டார். 1947-ல் வந்த ‘சக்கரவர்த்தியின் கனவு’ என்ற பொம்மைப் படம், சியாங் கை ஷேக்கைக் கிழி கிழி என்று கிழித்தது. சீனாவின் முதல் பொம்மைப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஷாங்காய்க்குப் போய், அங்கே கார்ட்டூன் கலைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரானார். ஜப்பான் திரும்பியது 1953-ல்.

திரும்பியவர் குழந்தைகளுக்காகப் பொம்மைப் படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்று வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் பரிசு வாங்க, அமெரிக்கத் தயாரிப்பாளர் ஆர்தர் ராங்கினின் கண் இவர் மேல் விழுந்தது. முதலில் பினாக்கியோ தொடர், அப்புறம் ருடால்ஃப். மான் எப்படி நடக்கிறது, எப்படித் தலையைத் திருப்புகிறது என்று பார்க்க, ஜப்பானின் நாரா நகரத்து மான்களைத் தேடிப் போனார்களாம். ஆக, வட துருவத்து ருடால்ஃபுக்கு நடை சொல்லிக் கொடுத்தவை நாரா மான்கள்!

1964 டிசம்பர் 6-ம் தேதி என்.பி.சி. டி.வி-யில் ஒளிபரப்பானது. குழந்தைகள் சொக்கிப்போனார்கள். கூடவே புகார்க் கடிதங்களும் வந்தன! யாருக்கும் வேண்டாத பொம்மைகள் வாழும் ஒரு தீவு கதையில் வரும். ‘உங்களுக்கு வீடு தேடித் தருகிறேன்’ என்று அவற்றுக்கு வாக்குக் கொடுப்பார்கள். ஆனால், தாத்தா வந்து அழைத்துப் போவதைக் காட்டவே இல்லை. குழந்தைகள் விடுவார்களா? அடுத்த வருடமே அந்தக் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள்.

நிஜப் பொம்மைகள் என்னவாயின? பெரும்பாலானவை அழிந்துபோயின. கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, ருடால்ஃபையும் தாத்தாவையும் வேறு சிலவற்றோடு வீட்டுக்குக் கொண்டுபோய், வருடா வருடம் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்தார். 2005 வாக்கில் அவை வெளியுலகத்துக்கு வந்தபோது, ருடால்ஃபுக்கு அந்தப் புகழ்பெற்ற மூக்கே இல்லை. தாத்தாவுக்குப் பாதி மீசை! பழுது பார்த்தார்கள். 2020-ல் இரண்டும் சேர்ந்து 3,68,000 டாலருக்கு ஏலம் போயின. அன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடி ரூபாய். வாங்கியவர், அட்லாண்டா நகரத்துப் பொம்மலாட்ட அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

மோச்சினாகா 1999-ல் காலமானார். ஜப்பானியக் கடற்படை, சீனக் கம்யூனிஸ்ட்டுகள், அமெரிக்க டி.வி... ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான மூன்று எஜமானர்கள். மூவருக்கும் உழைத்தவை அதே பத்து விரல்கள்தான். பேர்ல் ஹார்பரைக் கொண்டாடிய படத்தில் வேலை பார்த்தவர், இருபத்தோரு வருடம் கழித்து, அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக மடியில் வைத்துக் கொஞ்சும் மான்குட்டியை நடக்க வைத்தார். குண்டு விழுந்த ஊர்க்காரரும், குண்டு போட்ட ஊர்ப் பிள்ளைகளும் ஒரு ஆறு அங்குலப் பொம்மையில் சமாதானமானார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியாது. டைட்டில் ஓடும்போது யார் கவனிக்கிறார்கள்?