அந்தப் பாட்டும் சாமி பாட்டும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரை எழுப்புவார். அடுத்து எல்.ஆர். ஈஸ்வரி ஊரையே எழுப்புவார். திருச்சியில் காவிரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவில் 1980களில் வளர்ந்தவள் நான். அப்பா கோயில் கமிட்டியின் பொருளாளர். மைக் செட்டுக்கு முன்பணம் கொடுப்பவர் அவர்தான். குளித்து, திருநீறு பூசி, ஸ்பீக்கர் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பி நிற்பார். கண்ணில் நீர்கூட வரும்.

மற்ற பதினொரு மாதங்களில் அதே அப்பா அதே குரலுக்கு எதிரி. சாயங்காலம் வானொலியில் இலந்தைப்பழக்காரி பாட்டு ஆரம்பித்ததும், நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பொத்தானைத் திருகி அணைப்பார். "பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல அந்த மாதிரிப் பாட்டு எதுக்கு?" என்பார். அக்காவும் நானும் இருந்த வீடு அது. எங்கள் பொருட்டு எத்தனை நல்ல பாட்டுகள் பாதியில் நின்றன என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒன்பது வயதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "அப்பா, சாமி பாட்டு பாடுறதும் இவங்கதானே?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது வேற, இது வேற." அடுப்படியில் அம்மா சிரித்தது கேட்டது.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, இருபது வருடம் பாடம் நடத்தியும், அது எப்படி வேறு, இது எப்படி வேறு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் கொஞ்சம் வரலாற்றைத் தோண்டினேன்.

ஈஸ்வரியின் முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மாரியம்மனைத் தெருத்தெருவாகக் கூட்டி வந்த குரலின் முன்னெழுத்தில் லூர்து மாதா இருக்கிறாள். இதில் எங்கள் தெருவுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. ஆடியில் கூழ் குடித்தவர்களில் பாதிப்பேர் ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள்தான்.

அவருடைய அம்மா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போன சிறுமி, தானும் கோரஸில் நின்றாள். ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி இருந்ததால் இவர் பெயர் ஈஸ்வரி எனச் சுருங்கியது. 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் 'பாசமலர்' வந்தது. அதில் மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்துப் பாடும் பாட்டு ஈஸ்வரிக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு கேட்கிறது. 'அந்த மாதிரி' குரல் முதலில் நம்முடைய மணமேடையில்தான் ஏறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் பிரிவினை. 1960களின் தமிழ் சினிமா பெண்ணை இரண்டாக வெட்டியது. பொட்டும் பூவுமாக வரும் கதாநாயகிக்கு ஒரு குரல். இரவு விடுதியில் ஆடுகிறவளுக்கு இன்னொரு குரல். முதலாவது பெரும்பாலும் பி. சுசீலாவிடம் போனது. இரண்டாவது ஈஸ்வரியிடம் வந்தது. 1966இல் 'வல்லவன் ஒருவன்' படத்தின் விடுதிப் பாட்டு, 1968இல் 'பணமா பாசமா' படத்தின் இலந்தைப்பழப் பாட்டு, 1969இல் 'சிவந்த மண்' படத்தில் சாட்டைச் சத்தத்துக்கு நடுவே வரும் பாட்டு. கிறக்கம், விக்கல், சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் ஈஸ்வரி தாளத்தில் வைத்தார். இத்தனைக்கும் இரண்டு பாடகிகளும் புடவை கட்டி, காகிதத்தைப் பார்த்து, ஒரே மாதிரி மைக்குக்கு முன்னால் நின்று பாடியவர்கள்தான். ஆடியவர் வேறு, பாடியவர் வேறு. ஆனால் ஆட்டத்தின் கறை மட்டும் குரலில் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பிரிவினையைச் சினிமா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகளில் குரலைப் பதித்த சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்றவர்கள் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள். அன்றைக்கு வீட்டுப் பெண் வெளியில் பாட மாட்டாள். வெளியில் பாடுகிறவள் வீட்டுப் பெண் ஆக மாட்டாள். பிறகு வீட்டுப் பெண்களும் பாட வந்தார்கள். வந்தபோது, 'நாங்கள் அவர்கள் மாதிரி இல்லை' என்பதைத் தங்கள் நிற்பிலும் குரலிலும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அடக்கிப் பாடு, அசையாமல் நில் என்ற பாடம் அங்கே தொடங்குகிறது. என் வகுப்பு மாணவிகளுக்கு அந்தப் பாடம் இன்னும் வீட்டில் நடக்கிறது.

பக்தியில் இந்த நிபந்தனை இன்னும் பழையது. சாமியைப் பாட வேண்டுமென்றால் பெண் முதலில் தன் உடம்பைக் கழற்றி வைக்க வேண்டும். காரைக்கால் அம்மையார் சதையை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கினார். இளமையிலேயே கிழவியாகும்படி ஔவை வரம் கேட்டதாகக் கதை சொல்கிறோம். ஆண்டாள் இளமையோடு பாடினாள். அவளைப் பெருமாளோடு கலக்க வைத்துக் கதையை முடித்துவிட்டோம். இருபதாம் நூற்றாண்டில் கே.பி. சுந்தராம்பாள். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு வெள்ளைப் புடவைக்கு மாறியவர். திரையில் 1935இல் நந்தனாராக, அதாவது ஆணாக வந்தார். 1953இல் ஔவையாராக, கிழவியாக வந்தார். 1973இல் 'காரைக்கால் அம்மையார்' படம் எடுத்தபோது ஏ.பி. நாகராஜனுக்கு இரண்டு நடிகைகள் தேவைப்பட்டார்கள். குடும்பம் நடத்தும் புனிதவதியாக லட்சுமி, அம்மையாராக சுந்தராம்பாள். ஒரே உடம்பில் இரண்டையும் காட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

இந்த வரிசையில் ஈஸ்வரியை வைத்துப் பாருங்கள். அவர் வெள்ளை கட்டவில்லை, கிழவி ஆகவில்லை, குரலை மாற்றவில்லை. 1970களில் இசைத்தட்டுகளிலும், 1980களில் கேசட்டுகளிலும் அம்மன் பாட்டுகள் வீடு வீடாக வந்தபோது, விடுதிப் பாட்டில் இருந்த அதே திறந்த தொண்டையோடு, அதே துள்ளலோடு மாரியம்மனைப் பாடினார். சினிமாவில் சுசீலாவும் அம்மனைப் பாடியிருக்கிறார், அழகாகவே. ஆனால் தெருவும் தீமிதித் திடலும் கேட்டது ஈஸ்வரியைத்தான்.

ஏன்? மாரியம்மன் சிலப்பதிகாரத்துக் கண்ணகிக்கும் சினிமாக் கதாநாயகிக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. பெரும்பாலான தெருக்கோயில்களில் அவள் பக்கத்தில் புருஷன் கிடையாது. ஆடு கோழி கேட்பாள், கோபம் வந்தால் ஊரையே படுக்க வைப்பாள், பம்பைக்கும் உடுக்கைக்கும் ஆடுவாள். அவளுக்கு அடக்கமான குரல் பொருந்துமா? குலவையிடும் பெண்களின் தொண்டைக்குப் பக்கத்தில் இருந்தது ஈஸ்வரியின் குரல். எங்கள் தெருப் பெண்களுக்கு அது புதிதாகப் படவில்லை. தங்களுடைய குரலை யாரோ மைக் போட்டுப் பெரிதாக்கின மாதிரி இருந்தது.

என் பெரியம்மா கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. வருடம் முழுவதும் பெரியப்பாவுக்கு எதிரில் உட்காராதவர். ஆடி மூன்றாம் வெள்ளி, கூழ் ஊற்றும் நேரத்தில், ஈஸ்வரியின் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அவருக்குச் சாமி வரும். ஒரு வருடம் தலையை விரித்துப் போட்டு ஆடியவர், கூட்டத்துக்கு நடுவில் பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "என் கம்மலை எங்கேடா வெச்ச?"

கம்மல் சேட்டுக் கடையில் இருந்தது. பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மீட்டுத் தந்துடறேன் தாயே!" கமிட்டி முழுக்கச் சாட்சி. பொருளாளரான என் அப்பா, "அம்மா கேட்டா குடுத்துடணும்ணே" என்று தீர்ப்பும் சொன்னார். தீபாவளிக்கு முன்பே கம்மல் காதுக்கு வந்துவிட்டது.

சாமி நிஜமாக வந்ததா என்று பெரியம்மாவிடம் பின்னாளில் கேட்டேன். "அம்மன் சத்தியமா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி" என்றார். சொன்னபோது கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாலும் அப்படித்தான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். கூழ் வாங்க மட்டும் தவறாமல் வரிசையில் நிற்கிறேன்.

இதை விடுதலை என்று கொண்டாடவும் எனக்குத் தயக்கம். அன்று சாயங்காலமே பெரியம்மா கூழ் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். மாவு புளிக்க வைத்தது, வெங்காயம் உரித்தது, கோலம் போட்டது எல்லாம் பெண்கள். கமிட்டி நோட்டீஸில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. வருடத்தில் ஒருநாள், அதுவும் சாமி பெயரில் மட்டும்தான், புருஷனிடம் தன் கம்மலைக் கேட்க முடிந்தது. மீதி 364 நாளும் அந்தக் குரலை அணைக்கும் பொத்தான் ஆண்கள் கையில்தான் இருந்தது. 'அது வேற, இது வேற' என்பதற்கு எனக்குக் கிடைத்த பொருள் இதுதான். குரலில் வேறுபாடு இல்லை. எப்போது கேட்கலாம் என்று முடிவு செய்கிறவர் யார் என்பதில்தான் இருந்தது.

ஈஸ்வரி அந்தக் கணக்கைக் கடைசிவரை சட்டை செய்யவில்லை. எழுபது வயதைத் தாண்டி, 2011இல் 'ஒஸ்தி' படத்துக்காகக் குத்துப்பாட்டு பாடினார். எண்பது வயதைத் தாண்டுகிற நேரத்தில், 2020இல் நயன்தாரா அம்மனாக நடித்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடிக் குத்து பாடினார். அப்பா பிரித்து வைத்த இரண்டு மாதப் பாட்டும் அந்த ஒரே பாட்டில் கலந்துவிட்டன.

அதன் பலனை நான் நேரில் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டுவிழாவுக்கு விதிமுறை வந்தது: குத்துப்பாட்டுக்கு ஆடக் கூடாது, பக்திப் பாட்டுக்கு ஆடலாம். மாணவிகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அனுமதிக் கடிதத்தோடு வந்தார்கள். பாட்டு: மூக்குத்தி அம்மன். வகை: பக்தி. ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டிய குழுவில் நானும் இருந்தேன். வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. மேடையில் பன்னிரண்டு பெண்கள் கையில் வேப்பிலையோடு, அரங்கம் அதிர, இடுப்பொடியக் குத்தினார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. தொலைக்காட்சியில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இலந்தைப்பழக்காரி தலையை ஆட்டி ஆட்டிப் பாடினாள். ரிமோட் அம்மா கையில் இருந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஈஸ்வரி குரல் மாதிரி இருக்கே. சாமி பாட்டா?"

"ஆமாங்க" என்றார் அம்மா.

அப்பா கைகூப்பிக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்காமல் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.