ரத்தத்தில் வருவதா?

‘‘அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கோணுங்க. சொல்லிக் குடுத்து வராது.’’

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி என்னிடம் சொன்னது. டீ சொல்லிவிட்டு, அது வந்து சேர்வதற்குள் மூன்று போன் பேசி முடித்திருந்தார். நூல் விலை, சாயப்பட்டறையில் மாட்டிக்கொண்ட துணி, சனிக்கிழமைச் சம்பளம். பேசி முடித்ததும், நடுவில் விட்ட வாக்கியத்தை அதே இடத்தில் பிடித்தார். கில்லாடிதான், சந்தேகமில்லை.

பேச்சு ஒரு சூப்பர்வைசர் வேலையைப் பற்றி. பவர் டேபிளில் பத்து வருஷமாகத் தைக்கிற ஒரு பெண்ணை யாரோ சிபாரிசு செய்திருந்தார்கள். நன்றாகத் தைப்பார். ஆனால் நாலு பேரைக் கட்டி மேய்க்கிற புத்தி அவர்கள் வகையறாவுக்கு வராதாம். காரணம், மேலே உள்ள முதல் வரி.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தெரியும், மரபணு தெரியாது. ஆனாலும் இந்த ஒற்றை வரி என்னை விடவில்லை. தேடினால், அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்? நம் எல்லோர் மூளைக்குள்ளும் ஒரு மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். கை பரபரக்கும்போது ‘பொறு’ என்பார். நாலு விஷயத்தை நினைவில் ஏந்திக்கொள்வார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் தாவுவார். உளவியல்காரர்கள் இதை மூளையின் நிர்வாகத் திறன் என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு. சின்ன வயதில் வளர்ந்து, இருபதுகளில் முதிர்ந்து, முதுமையில் மெல்லத் தளரும்.

இது பிறப்பிலேயே வருகிறதா?

‘ஆமாம்’ என்று உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினின் உறவினர். மேதைமை பரம்பரையாக வருகிறது என்று 1869-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1875-ல், இரட்டையர்களை ஒப்பிட்டால் பிறப்பு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்துவிடலாம் என்றார். அருமையான யோசனை. ஆனால் 1883-ல், நல்ல வம்சங்களைப் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் அவரேதான். அது பிறகு உலகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது தெரிந்த கதை.

நம் ஊர்க் கதை கொஞ்சம் மறந்துபோன கதை. 1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி! தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் புத்தி அந்த ரத்தத்தில் கிடையாது என்பதுதான் அதன் அடிப்படை. 1920 ஏப்ரல் 3-ம் தேதி, மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. 16 உயிர்கள் போயின. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்.

ஆக, ‘ரத்தத்துல இருக்கோணும்’ என்பது ஏதோ டீக்கடைப் பேச்சு அல்ல. ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் கால்டன் சொன்னது மொத்தமும் பொய்யா? அங்கேதான் சிக்கல். பொய் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் நவோமி ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஏறத்தாழ 290 ஜோடி இரட்டையர்களைப் பதினேழு வயதில் சோதித்தார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு அச்சு அசலாக ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. முதல் வகையினர் எவ்வளவு அதிகம் ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால், மரபணுவின் பங்கு தெரிந்துவிடும். 2008-ல் முடிவு வந்தது. பல சோதனைகளுக்கும் பொதுவாக இருக்கும் நிர்வாகத் திறனில் ஆளுக்கு ஆள் தெரிந்த வித்தியாசம், கிட்டத்தட்ட முழுக்க மரபணுவால்! அதே பிள்ளைகளை இருபத்து மூன்று வயதில் மறுபடி சோதித்து, 2016-ல் எழுதினார்கள். பதினேழில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இருபத்து மூன்றிலும் முன்னால் நின்றார்கள். அந்த வரிசை மாறாமல் இருந்ததற்கும் முக்கியக் காரணம் மரபணுதான்.

முதலாளி ஜெயித்துவிட்டார் போலத் தெரிகிறதா? அவசரப்படாதீர்கள்.

திருப்பூர் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரே மெஷின், ஒரே ஊசி, ஒரே சாயம். அதில் இரண்டு லாட் நூலை ஓட்டினால், துணியில் தெரிகிற வித்தியாசம் மொத்தமும் நூலுடையதுதான். ஆனால் ஒரு லாட்டை நல்ல மெஷினிலும், இன்னொன்றை ஊசி வளைந்த மெஷினிலும் ஓட்டிவிட்டு, ‘இந்த நூல் மட்டம்’ என்று சொன்னால்? கொலராடோ கணக்கு முதல் வகை. ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை அது சொல்கிறது. இந்தச் சாதிக்கும் அந்தச் சாதிக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

இரண்டாவது வகைக்குத் திருப்பூரே சாட்சி. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்த ஊரைப் பற்றி எழுதிய ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ 2004-ல் வந்தது. முதலாளிகளில் ஏராளமானோர் சாதாரண விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள். பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நுழைந்து, கூட்டாளி சேர்த்து முதலாளி ஆனவர்கள் என்று காட்டுகிறார். அதே ரத்தம் அவர்கள் தாத்தாவுக்கும் ஓடியதே? அப்போது ஏன் எக்ஸ்போர்ட் கம்பெனி வரவில்லை? மாறியது ரத்தமல்ல. வேலை பழக ஒரு கம்பெனி, பணம் போட ஒரு பங்காளி, கடன் தர ஒரு மாமன் மச்சான். இது கிடைத்த வகையறா மேலே வந்தது. கிடைக்காத வகையறாவும் பெண்களும் பெரும்பாலும் தையலிலும் செக்கிங்கிலும் கைமடியிலும் நின்றுவிட்டார்கள்.

வகையறாவை விடுங்கள். ஒரே மனுஷனுக்குள் இந்தத் திறன் ஏறி இறங்குமா? அதற்கும் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தார்கள். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கரும்புப் பணம் மொத்தமாக ஒரே முறைதான் வரும். அறுவடைக்கு முன் கையில் காசில்லை; நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 பேர்தான். இரண்டு சமயத்திலும் அதே விவசாயிக்குச் சோதனை. ‘5 5 5’ என்று காட்டுவார்கள். வாயில் ‘ஐந்து’ என்று வரும். ஆனால் எத்தனை எண்கள் என்று எண்ணி, ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் மேனேஜருக்கான பரீட்சை. அறுவடைக்கு முன் முடிக்கச் சராசரியாக 146 விநாடி, பின் 131. தப்பும் குறைந்தது. இரண்டாம் முறை என்பதால் பழகிவிட்டார்களோ? அறுவடைக்குப் பின் மட்டும் முதல்முறையாகச் சோதிக்கப்பட்ட 100 பேரும் அதேபோலத்தான் செய்தார்கள்.

அதே ஆள். அதே மரபணு. மாறியது அடகுச் சீட்டு மட்டும்.

இதற்கு மாற்றுச் சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதச் சம்பளமும் ஒரு வருஷக் கரும்பும் ஒன்றல்ல என்று நான் நினைக்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும்.

கணக்குப் பிள்ளை மொழியில் முடிக்கிறேன். மரபணு என்பது ஓப்பனிங் பாலன்ஸ். அது ஆளுக்கு ஆள் வேறு, மறுக்கவே முடியாது. ஆனால் யார் கணக்கில் எவ்வளவு என்று சாதியைப் பார்த்துச் சொல்ல எந்த ஆடிட்டராலும் முடியாது. வருஷ முடிவில் நிற்கிற தொகையோ, நடுவில் வந்த வரவையும் செலவையும் பொறுத்தது.

டீ குடித்தபடி அந்த முதலாளியிடம் அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

‘‘எங்க அய்யனுங்களா? கடைசி வரைக்கும் தோட்டத்துல கவலை இறைச்சாருங்க. நான்தான் பதினாலு வயசுல கம்பெனிக்கு வந்தேன். ஒரு மேஸ்திரி கூடவே வெச்சுப் பழக்குனாரு.’’

அந்த மேஸ்திரி அன்றைக்கு, ‘ரத்தத்துல இல்லை’ என்று சொல்லியிருந்தால்? கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாலாவது போன் வந்தது. எடுத்துக்கொண்டார்.