பெருக்கலும் குறைதலும்: தமிழ்ப் பின்னக் கணக்கும் தோட்டத் தொழிலாளரும்

பெருக்குதல் என்னும் சொல் மிகுவித்தலைக் குறிக்கும். ஆயின், ஒன்றிற் குறைந்த பின்னத்தாற் பெருக்கும்போது எவ்வளவும் சிறுத்துவிடுகிறது. அரையை அரையாற் பெருக்கக் கால். காலைக் காலாற் பெருக்க வீசம் (1/16). திண்ணைப் பள்ளி மாணாக்கர் இவற்றை எண்சுவடி வாய்பாடாக மனனஞ் செய்தனர். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) எனப் பின்னங்களுக்குத் தனிப்பெயரும் தனிக்குறியும் இருந்தமையால், தொகுதி, பகுதி எனப் பிரிக்காமலே பெருக்கல் நிகழ்ந்தது. முந்திரியை முந்திரியாற் பெருக்க வருவது கீழ்முந்திரி (1/102400).

இந்நுண்மை யாருக்குப் பயன்பட்டது? முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் வேலி நிலத்தின் மிகச் சிறு கூறுகள்வரை அளந்து வரி குறிக்கின்றன. கணக்கு அளந்தோரிடம் இருந்தது, உழுதோரிடம் இருக்கவில்லை.

ஹல்துமுல்லை முதலிய ஊவாத் தோட்டங்களுக்குத் தமிழகத்துத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டபோது இவ்வுறவும் உடன்வந்தது. இங்கும் பேரேடு கணக்கப்பிள்ளையின் கையிலேயே இருந்தது. ஒருநாள் வேலை ஒரு 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பின்னது முன்னதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு. பழைய வழக்கில் முக்காலே ஒருமா. அவ்வீதத்திற் பெண்ணொருத்தியின் அரைப்பேர் எவ்வளவு? முக்காலின் பாதி காலே அரைக்கால் (3/8). ஒருமாவின் பாதி அரைமா (1/40). இரண்டுஞ் சேர எட்டுமா (2/5). ஒரே மலைச்சரிவில் நின்றும், ஆணின் பேரிற் பாதிகூட அவளுக்கில்லை. பால் வேற்றுமை ஒரு பின்னம், அரைப்பேர் மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கின, கூலி குறைந்தது.

இதனைச் சரிபார்க்கும் கல்வியும் அளவோடே வழங்கப்பட்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்கே தோட்டத்திற் கல்வி வழங்கப் பணித்தது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே. ஆண், பெண் கூலி சமமானது 1984இல். அவ்வாறு ஒரு பின்னம் நீங்கிற்று, அரைப்பேர் நீங்கவில்லை.

ஆகவே, பின்னப் பெருக்கலை ஹல்துமுல்லைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அப்பத்தையும் மாம்பழத்தையும் தேடவேண்டியதில்லை. தாயின் சம்பளச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். கணக்கு உழைப்போரின் கைக்கு வரும் வழி அதுவே என்பது நம் துணிபு.