ஒலி அடங்கிய ஈறுகள்

பிரெஞ்சு மொழியில் ‘பாடுதல்’ என்னும் பொருளுடைய வினை ‘ஷாந்தே’ என்பது. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களுக்குரிய அதன் நிகழ்கால வடிவங்களும் ‘ஷாந்த்’ என ஓரசையாகவே ஒலிக்கின்றன. எழுத்திலோ அவை ஈரசையாய் நிற்கின்றன. நீ என்பதற்கு ஈற்றில் ஸகரமும், அவர்கள் என்பதற்கு நகர தகரங்களும் எழுதப்படுகின்றன.

தாய்மொழியாகிய இலத்தீனில் இவ்வீறுகள் ஒலித்தன. நம் ‘பாடுகிறேன்’ போல, வினையே இடத்தை உணர்த்திற்று. காலப்போக்கில் அழுத்தம் பெறாத ஈறுகள் தேய்ந்து அடங்கின. நாம், நீங்கள் என்பவற்றுக்குரிய ஈறுகள் அழுத்தம் பெற்றமையால் இன்றும் ஒலிக்கின்றன. ஈறு இழந்த பணியை எழுவாய்ப் பெயர் ஏற்றது. ஆதலின் அதனை விடுத்துப் பேசுதல் இன்று இயலாது. 1694இல் வெளிவந்த பிரெஞ்சு அகாதெமியின் முதல் அகராதியோ பழைய எழுத்து மரபையே பெரிதும் பேணிற்று.

செவ்வியல் செய்யுளில், அடியின் இடையே மெய்யொலிக்கு முன்வரும் அடங்கிய உயிர் இன்றும் ஓரசையாக எண்ணப்படும். அரை மாத்திரையாகக் குறுகும் குற்றியலுகரத்தைக் கற்ற நமக்கு, எழுத்தும் ஒலியும் வேறுபடுதல் புதிதன்று.

ஆகவே, எழுத்தைக் கண்டு அசை பிரிக்கும் மாணவரைத் தண்டித்தல் தகாது. செவியால் பிரிக்கவும், எஞ்சிய எழுத்துகளை வரலாறாகப் படிக்கவும் கற்பித்தலே நம் கடமை.