நிலவின் நாளும் கதிரவனின் மாதமும்

என் தந்தையார் 2022-ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாவது வாரத்தில் தில்லியில் காலமானார். காரியங்களை நடத்தி வைத்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வடநாட்டுப் புரோகிதர். எல்லாம் முடிந்து கிளம்பும்போது "மார்கசீர்ஷ கிருஷ்ண திருதியை" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நானும் அதைப் பத்திரமாக டைரிக்குள் வைத்துக்கொண்டேன். மறுவருஷம் தலைத்திவசத்துக்கு அந்தத் தாளை வைத்து நாள் பார்த்தால் நவம்பர் 30 என்று வந்தது.

கும்பகோணத்திலிருந்து அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "என்னடா இது? அப்பா போனது ஐப்பசியில. நீ கார்த்திகையில திதி கொடுக்கறேங்கறியே! இந்த வருஷம் அக்டோபர் 31-லயே வந்துடுது. சந்தேகமா இருந்தா அந்த வருஷத்துக் காலண்டரை எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். ஊரிலிருந்து வருஷாவருஷம் தருவித்து, தினமும் காலையில் தாள் கிழிப்பது அப்பாவின் வேலை. அன்றைக்குக் கிழிக்க ஆள் இல்லை. ஐப்பசி 25, வெள்ளிக்கிழமை, தேய்பிறைத் திருதியை என்று அந்தத் தாள் அப்படியே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசம் என்றால் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். இது முழுசாக ஒரு மாதம். புரோகிதர் சொன்னது தப்பா, அக்கா சொன்னது தப்பா? இந்தக் கேள்விதான் என்னைப் புத்தகங்களிடம் கொண்டுபோய் விட்டது. அங்கே படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு தேய்பிறை, மூன்று பெயர்

வானத்தில் இருப்பது ஒரே நிலவு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சுமார் 29½ நாள். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த நாட்களுக்கு எந்த மாதத்தின் பெயரைச் சூட்டுவது என்பதில்தான் வேறுபாடு. வட இந்தியாவில் பௌர்ணமியோடு மாதம் முடிகிறது. ஆகவே மாதத்தில் தேய்பிறை முதலில் வரும், வளர்பிறை பின்னால் வரும். ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் பகுதிகளில் அமாவாசையோடு மாதம் முடிகிறது. தமிழர்களோ நிலவைக் கொண்டு மாதத்தைத் தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்தால் மாதப் பிறப்பு. அதனால்தான் மார்கழி 29 நாளில் முடிந்துவிடுகிறது, ஆனிக்கு 32 நாள்கூட வருகிறது.

அப்பா மறைந்த அந்தத் தேய்பிறை தில்லிக்காரருக்கு மார்கசீர்ஷம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பருக்குக் கார்த்திகம். நமக்கு ஐப்பசி. மூன்று பெயரும் சரிதான்.

சரி, மறுவருஷம் ஒரு மாதம் எப்படி விலகியது? பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். சூரிய வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் குறைகிறது. இந்தப் பாக்கியை அடைக்க நிலவு மாதக்காரர்கள் 19 ஆண்டில் ஏழு முறை ஓர் அதிக மாதம் சேர்க்கிறார்கள். 2023-இல் அப்படி ஓர் அதிக சிராவணம் வந்தது. அதன் பிறகு வந்த அவர்களுடைய மாதமெல்லாம் தள்ளிப் போயிற்று. நம்முடைய மாதம் சூரியனோடு கட்டப்பட்டதால் நகரவில்லை. ஐப்பசித் தேய்பிறைத் திருதியை ஐப்பசியிலேயே வந்தது.

திங்கள் என்னும் சொல்

அப்படியானால் தமிழரின் மாதத்துக்கும் நிலவுக்கும் தொடர்பே இல்லையா என்றால், பெயரிலேயே இருக்கிறது. 'திங்கள்' என்றால் நிலவு, மாதமும் அதுவே. சித்திரை, விசாகம், கார்த்திகை, பூசம், மகம் என்று எந்த நட்சத்திரத்தை ஒட்டி முழுநிலவு வருகிறதோ அதை வைத்தே சித்திரை, வைகாசி, கார்த்திகை, தை, மாசி என்ற மாதங்களை அடையாளம் கண்டார்கள். பெயர் நிலவுடையது, அளவு கதிரவனுடையது. சோழர் கல்வெட்டுகளில் மாதத்தை 'மேஷ நாயற்று', 'சிம்ம நாயற்று' என்று குறிப்பதைப் பார்க்கலாம். நாயறு என்பது ஞாயிறுதான். ஒரே மாதத்துக்குத் திங்கள் என்றும் ஞாயிறு என்றும் பெயர் வழங்கிய மொழி நம்முடையது!

பழைய இலக்கியத்தில் நட்சத்திரமும் முழுநிலவும் கூடும் நாளே விழா நாள். அகநானூற்றின் 141-ஆம் பாட்டில், மழை ஓய்ந்த வானத்தில் நிறைமதி ஆறு மீன்களாகிய கார்த்திகையைச் சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கேற்றும் காட்சி வருகிறது. பரிபாடலில் ஆதிரை விழா, மதுரைக்காஞ்சியில் மாயோனுக்குரிய ஓண நாள், சிலப்பதிகாரத்தில் புகாரின் இந்திர விழாவுக்குச் சித்திரை முழுநிலவு. திருமணத்துக்கும் நிலவு ரோகிணியைச் சேரும் நாளைத் தேடியிருக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஒரு விழாக் காலண்டர் போலவே இருக்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக வரிசை போகிறது. இதில் ஐப்பசி ஓணம் பௌர்ணமியில் வருவதல்ல, வளர்பிறையின் நடுவாக்கில் வருவது. மாதமும் நட்சத்திரமும் கூடினாலே போதும், முழுநிலவு வேண்டும் என்று காத்திருக்கவில்லை.

இன்றும் நம் மாதாந்திர வழிபாடுகள் இரண்டு வகையாகத்தான் ஓடுகின்றன. சதுர்த்தி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி எல்லாம் திதியை ஒட்டியவை. கிருத்திகை, திருவாதிரை, திருவோணம் முதலியவை நட்சத்திரத்தை ஒட்டியவை. நிலவு நட்சத்திரங்களை ஒரு சுற்றுச் சுற்றி வர 27 நாளும் சில மணி நேரமும் போதும். அதனால்தான் ஒரே தமிழ் மாதத்தில் சில சமயம் இரண்டு கிருத்திகை வந்து, இங்கே ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போகிற நம்மவர்கள் "எந்தக் கிருத்திகைக்கு விரதம்?" என்று கேட்கிறார்கள்.

கல்லிலும் சோழியிலும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் பிறந்த சதய நாளை ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் ஒரு சூரிய ஆண்டில் சதயம் 13 முறையாவது வந்துவிடும். ஆக, மாதத்துக்கு ஒன்று என்பதே கோயில் கணக்கு. பல கல்வெட்டுகளில் ராசி மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஐந்தும் சேர்ந்தே வரும். இந்த ஐந்தையும் பொருத்தித்தான் அந்த நாளுக்கு ஆங்கிலத் தேதி காண்கிறார்கள். அதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாக அவர் தயாரித்து 1922-இல் வெளியான அட்டவணைகளை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரணப் பஞ்சாங்கக்காரர் மனத்திலும் இருந்தது. ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்ற நூலில் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் நாலு நிமிஷம்தான் பிழை! முடிவு நேரத்தில் 52 நிமிஷம் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு அமாவாசை வந்த ஆடி

நிலவின் நாளைக் கதிரவனின் மாதத்துக்குள் வைப்பதில் சிக்கலும் உண்டு. அதே 2023-இல் ஆடி முதல் தேதி ஓர் அமாவாசை, ஆடி 31-இல் இன்னொன்று. எதில் தர்ப்பணம் என்று பலரும் குழம்பினார்கள். ஒரே திதி மாதத்தில் இருமுறை வந்தால் பின்னதைக் கொள்வது வழக்கம் என்பதால், ஆகஸ்ட் 16-ஐயே ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். வடக்கே அதிக சிராவணம் என்று அவர்கள் கழித்துவிட்ட மாதமும், நமக்கு இரட்டை அமாவாசை வந்த ஆடியும் ஒரே வானத்தின் இரண்டு கணக்குகள்.

கார்த்திகை தீபமும் இப்படித்தான். 2023-இல் நம் தீபமும் இங்குள்ளவர்களின் கார்த்திக் பூர்ணிமாவும் அடுத்தடுத்த நாள். 2024-இல் அவர்களுக்கு நவம்பர் 15, நமக்கு டிசம்பர் 13. "உங்க ஆளுங்க ஏன் ஒரு மாசம் லேட்?" என்று அலுவலகத்தில் கேட்டால் இனி தயங்காமல் பதில் சொல்லலாம்.

நான் அக்டோபர் 31-லேயே திதி கொடுத்தேன். புரோகிதருக்கும் போன் செய்து விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் தகப்பனார் எந்தக் கணக்கில் வாழ்ந்தாரோ அதுதான் அவருக்குக் கணக்கு" என்றார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியூர்களில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களின் நாளை எழுதி வைக்கும்போது ஆங்கிலத் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ் மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அதில் மாதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு வானம் பார்க்கத் தெரியாமல் போகலாம், அந்த நாலு வார்த்தை இருந்தால் நாளைத் தவறவிட மாட்டார்கள்.