லாரிக்குள்ள ஒரு தந்தி ஆபீஸ்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் ராத்திரியில பஸ் பயணம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தூரத்துல கல்யாண மண்டபமே நகர்ந்து வர்ற மாதிரி ஒரு வெளிச்சம். கிட்ட வந்தா ரிக் வண்டி! (வெளியூர்க்காரங்களுக்கு: போர்வெல் போடற லாரி. திருச்செங்கோட்டுல கிளம்பி இந்தியா பூரா சுத்தறதுங்க.)

இந்த வண்டிக்கு எக்ஸ்ட்ரா லைட் ஆடம்பரம் இல்லை. தார் ரோட்டை விட்டு இறங்கி, இட்டேரி வழியா காட்டுக்குள்ள போகணும். ராத்திரி பூரா வேலை ஓடும். சுத்தற ராடு பக்கத்துல நிக்கிறவருக்கு வெளிச்சம்தான் உயிர்.

அந்த லைட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல தீப்பெட்டியை விடச் சின்னதா ஒரு கறுப்பு டப்பா இருக்கும். பேரு ரிலே. இது லாரிக்காகப் பிறந்த சாமான் இல்லைங்க, தந்திக்காகப் பிறந்தது!

ஒயர் நீள நீள மின்சாரம் பலவீனமாகும். ஆரம்ப காலத் தந்திக்கு இதுதான் பெரிய தலைவலி. 1835 வாக்கில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரியில் ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். தூரத்துல இருந்து வர்ற பலவீனமான மின்சாரம் பெரிய வேலை செய்யாது, ஆனா ஒரு சின்னக் காந்தத்தை அசைக்கும். அந்தக் காந்தம் இன்னொரு பேட்டரியோட சர்க்யூட்டைத் திறந்து மூடும். பெரிய காந்தம் தூக்கி வைத்திருந்த எடையை இப்படித் 'தொபுக்கடீர்'னு விழ வைத்து மாணவர்களுக்குக் காட்டினாராம். 1844ல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பியபோதும் இதே ஐடியாதான் கைகொடுத்தது.

ரிலே என்ற பேரே வழியில் குதிரை மாத்தறதிலிருந்து வந்ததுதான். களைச்ச குதிரையைக் கட்டிட்டு, புதுக் குதிரையில தொடர்ந்து போவாங்க. நம்மகிட்டயும் இதுக்கு அழகான வார்த்தை இருக்கு: அஞ்சல். ரிலே ரேஸை அஞ்சல் ஓட்டம்னு சொல்றோம், ரேடியோவில் 'நேரடி அஞ்சல்' கேட்டிருக்கோம்.

வண்டிக்கு வருவோம். ஆரம்பத்தில் கார்களுக்கு கார்பைடு விளக்குதான். 1912ல் காடிலாக் கம்பெனி மின்சார விளக்கையும் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் சேர்த்தே கொடுத்தது. டைனமோ வந்ததும், நின்ன வண்டியில பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள்ள ஓடாம தடுக்க ஒரு ரிலே வேண்டியிருந்தது. பழைய மெக்கானிக்குங்க 'கட் அவுட்'னு சொல்றது இதைத்தான் (ரசிகர் மன்றம் வைக்கிறது இல்லை :-)). 1960களில் ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பு வந்துச்சு. பவர் கூடக்கூட ஒயருக்கு வந்தது வினை.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட் வண்டியில 100 வாட் லைட் ரெண்டு போட்டா கிட்டத்தட்ட 17 ஆம்பியர். இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியா 1 சதுர மி.மீ. ஒயரில் 5 மீட்டர் சுத்திக் கொண்டு வந்தா ஒன்றரை வோல்ட் வழியிலேயே காலி. வெளிச்சத்துல மூணுல ஒரு பங்கு போயிடும். போன பவர் எங்கே? ஒயரும் சுவிட்சும் சூடாகுது. டேஷ்போர்டுல புகை வர்றது இப்படித்தான். 24 வோல்ட் லாரியில ஆம்பியர் பாதிதான், ஆனா ரெண்டுக்கு எட்டு லைட் மாட்டறாங்களே!

ரிலே போட்டா சுவிட்ச் வழியா போறது 0.15 ஆம்பியர் அளவுதான். நாமக்கல்லில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட எப்படிண்ணா மாட்டறதுன்னு கேட்டேன். "நாலே நம்பர்தானுங் தம்பி"ன்னார். பேட்டரியிலிருந்து தடிமனான ஒயர் ஃபியூஸ் வழியா 30க்கு. 87ல் இருந்து லைட்டுக்கு. 85 பாடி எர்த். 86க்கு சுவிட்ச் ஒயர். இந்த எண்கள் ஜெர்மன் தர நிர்ணயத்தில் இருந்து வந்தவை. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். இல்லைன்னா ஒயர் உரசி ஷார்ட் ஆனா, காப்பாத்த ஆள் இல்லை.

கடைசியா அவர் சொன்னதுதான் முக்கியம். 86க்கு வர்ற கரண்டை பேட்டரியிலிருந்து எடுக்காதீங்க, ஹெட்லைட் பிரைட் ஒயரிலிருந்து எடுங்க. எதிர்ல வண்டி வந்து டிம் அடிச்சா எக்ஸ்ட்ரா லைட்டும் தானா அணைஞ்சிடும். ஒரே ஒயர் வித்தியாசம். ஆனா எதிர்ல டிவிஎஸ் 50ல வர்றவர் வீடு போய்ச் சேர்றது அதுலதான் இருக்கு. முன்பக்கம் ஸ்பாட்லைட் போட்டு ஓட்டறதை 1989 மோட்டார் வாகன விதிகளே தடுக்குது. தவிர்க்க முடியாத சூழல்ல, அதுவும் முன் அனுமதியோட மட்டும்தான். காட்டுக்குள்ள வேலைக்கான விளக்கு காட்டோட நிக்கட்டும்.

1937ல் கிளாட் ஷானன், ரிலே சர்க்யூட்டுகளை 'ஆம்/இல்லை' கணிதமா எழுதலாம்னு காட்டினார். நம்ம மாதிரி பொட்டி தட்டறவங்களுக்குச் சோறு போடற விஷயத்தோட வேர் அங்கே இருக்கு. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் முடிஞ்சு போச்சு. ஆனா 'கிளிக்'னு அந்தத் தந்திச் சத்தம் இன்னமும் ஒவ்வொரு லாரி டேஷ்போர்டுக்கு உள்ளேயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.