வாக்குமூலமும் மக்கள் உரிமையும்

சட்டத்தின் வாசகங்களை மட்டும் படிப்பதால் அதன் இயல்பு விளங்கிவிடாது. எக்காலத்தில், யாருக்கு எதிராக, எத்தகைய அச்சத்தின் விளைவாக அது எழுதப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்னும் பெயரை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். ஆயினும் அது வந்த வழியையும் நிலைத்த விதத்தையும் நம் இளந்தலைமுறையினர் போதிய அளவு அறிந்துள்ளனர் என்று கூறுவதற்கில்லை. ஈண்டு அச்சட்டத்தின் உயிர்நாடியான ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வரலாற்றை நோக்குவோம். பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய விதி அது.

பிரித்தானியர் ஆட்சியில் 1895ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சான்றுக் கட்டளைச் சட்டம், ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளுதல் ஆகாது என விதித்தது. குடியேற்ற ஆட்சியாளர் நம்மீது கொண்ட அன்பினால் இதனைச் செய்தனர் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியாவுக்கென 1872இல் ஆக்கிய சட்டத்தையே பெரும்பாலும் இங்கும் நட்டனர். பூட்டிய அறையிற் பெறப்படும் சொல் அடிக்கும் அச்சத்துக்கும் பிறந்ததாயிருத்தல் கூடும் என்பதை அவர்களுடைய நிருவாக அனுபவமே உணர்த்தியிருந்தது. சுதந்திர இலங்கை கைக்கொண்ட உரிமைகளுள் இதுவும் ஒன்று.

எனினும் சுதந்திரத்தின் வாயிலிலேயே வேறொரு கருவியும் ஆயத்தமாயிற்று. 1947ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞரும் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்களை அடக்கப் பிறந்த அச்சட்டமே, 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின்முன் சத்தியாக்கிரகம் செய்தோரைக் கலைக்கவும் உதவிற்று. அவ்வாண்டு ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு, தமிழரசுக் கட்சித் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர்.

1971இல் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவர் ரோகண விஜேவீர அவ்வேளையில் யாழ்ப்பாணத்திலேயே சிறைவைக்கப்பட்டிருந்தார். கிளர்ச்சியில் ஈடுபட்டோரை விசாரிக்கவென 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் ஆக்கப்பட்டது. பொலிசாரிடம் அளித்த வாக்குமூலம் இச்சட்டத்தின்கீழ்ச் சான்றாக ஏற்கப்பட்டது; அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிறுவும் சுமை குற்றஞ் சாட்டப்பட்டவரைச் சார்ந்தது; ஆணைக்குழுவின் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை. அந்நாளில் வடக்கின் கவலையெல்லாம் புதிய அரசியலமைப்பும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலுமாய் இருந்தன. தெற்கின் ஏழைச் சிங்கள இளைஞருக்கு நேர்ந்தது நம்மவருட் பலருக்கு அயலூர்ச் சங்கதியாகவே தோன்றிற்று.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் அச்சட்டத்தை நீக்கியது, விஜேவீரவும் விடுதலையானார். ஆனால் அதே அரசாங்கம் இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் அதே விதியை மீண்டும் உயிர்ப்பித்தது. வடக்கில் அரசியற் கொலைகளும் வங்கிக் கொள்ளைகளும் நிகழ்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கொலையையும் கொள்ளையையும் தண்டிக்க நாட்டிற் சட்டம் இல்லாதிருந்ததும் இல்லை. 1979 யூலை 11இல் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு கட்டளை பெற்றுப் பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்க வந்து சேர்ந்தார். அம்மாதத்திலேயே 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது.

அமைச்சரின் ஆணை ஒன்றினால், குற்றச்சாட்டு எதுவுமின்றி, மும்மாதம் மும்மாதமாகப் பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்கலாம். அவ்வாணையை நீதிமன்றில் வினாவுதல் ஆகாது. உதவி அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகும் என்பன அதன் அன்றைய ஏற்பாடுகள். மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சொல்லி வந்த இச்சட்டம் 1982இல் நிலையானதாக்கப்பட்டது. இதன் கீழ்ச் சிறைப்பட்டோருட் பலர் 1983 யூலை 25ஆம் 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையிற் படுகொலையுண்ட 53 தமிழ்க் கைதிகளுள் இருந்தனர்.

அவ்விதி நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதற்குச் சிங்கராசா வழக்கு தக்க சான்றாகும். கிழக்கிலங்கைத் தமிழரான அவர் 1993இற் கைதானார். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாயிற்று. தீர்ப்புக்கு ஆதாரம் வாக்குமூலம் ஒன்றே. அவ்வாக்குமூலம் அவர் அறியாத சிங்கள மொழியிலே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவர் இட்டது பெருவிரல் அடையாளம். சித்திரவதையினாற் பெறப்பட்டது என்று அவரே நிறுவவேண்டியிருந்தது. பூட்டிய அறையினுள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன எனக் கண்டது. ஆயின் 2006இல் நமது உயர் நீதிமன்றம் தீர்ப்பை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது.

எழுத்தையும் இச்சட்டம் விட்டுவைக்கவில்லை. தாம் எழுதிய கட்டுரைகளுக்காகப் பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகம் 2009இல் இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் சட்டத்தின் பார்வை முஸ்லிம் மக்கள்மீது திரும்பிற்று. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜசீம், ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூலைக் காரணங்காட்டி 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரிலேயே பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதை எழுதியதற்காகப் பத்தொன்பது மாதங்கள் சிறையிற் கழிந்தன. 2022ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியின் பின்னர், பல்கலைக்கழக மாணவர் தலைவரான வசந்த முதலிகே இதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். 1972இற் சிங்கள இளைஞர்மீது பாய்ந்த விதி, ஐம்பது ஆண்டுகளில் நாட்டின் எல்லா இனத்தவரையும் தொட்டு, மீண்டும் சிங்கள இளைஞரிடமே சென்றடைந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஓர் இனத்தை அடக்கவென ஆக்கப்படும் அதிகாரம் அவ்வினத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அயலவன் அல்லற்படுகையில் ஏனையோர் பேசாதிருந்தமையே அச்சட்டத்துக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. இதில் தமிழர் சிங்களவர் முஸ்லிம்கள் என்னும் வேறுபாடு இல்லை. அயல்நாடான இந்தியாவிலும் தடா, பொடா என்னும் சட்டங்கள் பொலிசாரிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்றன. மக்கள் எதிர்ப்பின் நடுவே முன்னது 1995இல் காலாவதியாயிற்று. பின்னது 2004இல் நீக்கப்பட்டது. அங்கு கொடிய சட்டங்கள் இன்னும் உள எனினும், மத்திய அரசின் பயங்கரவாதச் சட்டத்தில் அவ்விதி மீண்டும் வரவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டு மாதங்களைப் பன்னிரண்டாகக் குறைத்ததேயன்றி, வாக்குமூலம் பற்றிய விதியைத் தொடவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக என்று 2018இலும் 2023இலும் புதிய சட்டமூலங்கள் வெளியாயின. இனி எப்பெயரில் எச்சட்டமூலம் வரினும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். பொலிசாரிடம் சொன்ன சொல் சான்றாகுமா? நீதவானின்முன் நிறுத்தாமல் எத்தனை நாள் ஒருவரை வைத்திருக்கலாம்? பேச்சும் எழுத்தும் குற்றமாகுமா? இவ்வினாக்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே எழுப்பும் இயக்கமே உரிமைகளை மீட்கவல்லது. 1895இல் அந்நியன் வழங்கிய பாதுகாப்பையேனும் நம் மக்களாட்சியிடம் கேட்டுப் பெறுதல் பேராசையாகாது.